மறைத்து விழுங்கும் மாத்திரை

(திருவனந்தபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் நகரத்து மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குக் காலையில் போனால் மலையாளத்தோடு தமிழும் காதில் விழும். களியக்காவிளை தாண்டி நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும், செங்கோட்டை வழியாகத் தென்காசியிலிருந்தும் விடியுமுன்பே புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நோயாளிகளின் தடம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம், மண்டலப் புற்றுநோய் மையம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கும் வளாகம் அது. வருகிறவர்கள் கையில் ஒரு பை. அதற்குள் ஈ.சி.ஜி. தாள்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இரண்டு மாநிலத்து மருந்துச் சீட்டுகள். அந்தப் பையில் வைக்காமல் வீட்டிலேயே விட்டுவந்த ஒரு சீட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மருந்தின் பாதுகாப்பு ஒரு துறை, இதயத் துடிப்பை அளப்பது ஒரு துறை, எச்.ஐ.வி. சிகிச்சை ஒரு துறை என்று பாடத்திட்டம் பிரித்து வைத்திருக்கிறது. நோயாளியின் உடம்பில் இந்தப் பிரிவினை கிடையாது.

முதலில் அளவைப் பார்ப்போம். இதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்பும் அதனூடே ஒரு மின் அலை ஓடுகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அலையை ஒரு மெல்லிய இழையின் அசைவாகப் பிடித்துக் காட்டினார். அலையின் மேடு பள்ளங்களுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று எழுத்துகளைச் சூட்டியவரும் அவரே. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. க்யூ தொடங்கும் புள்ளியிலிருந்து டி முடியும் புள்ளி வரை ஆகும் நேரம் க்யூ.டி. இடைவெளி. இதயத்தின் கீழறைகள் மின்னேற்றம் பெற்று, வேலையை முடித்து, அடுத்த துடிப்புக்குத் தயாராகும் வரையிலான நேரம் இது. நாடித்துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய பிறகு, ஆண்களுக்கு 450 மில்லி விநாடிக்குள்ளும் பெண்களுக்கு 460க்குள்ளும் இருந்தால் கவலையில்லை. 500ஐத் தாண்டினால் கையிலிருக்கும் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த நோயாளியைப் பார்க்க வேண்டும்.

இந்த அளவு எவ்வளவு நுண்ணியது என்பதைக் கவனியுங்கள். ஈ.சி.ஜி. தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சிறு கட்டம் 40 மில்லி விநாடி. 10 மில்லி விநாடி என்பது கால் மில்லிமீட்டர். நாம் எழுதும் பேனாக் கோட்டின் தடிமன் அதைவிடக் கூடுதல். ஆனால் புதிய மருந்து ஒன்று க்யூ.டி.யைச் சராசரியாக 5 மில்லி விநாடி நீட்டினாலே விழித்துக்கொள்ள வேண்டும், கணிப்பின் மேல் எல்லை 10ஐத் தொடக்கூடாது என்று 2005இல் வந்த ஈ14 என்ற பன்னாட்டு வழிகாட்டி சொல்கிறது. டி அலை எங்கே முடிகிறது என்பதில் இரண்டு மருத்துவர்கள் கருத்து வேறுபட்டாலே அந்த 10 மில்லி விநாடி வந்துவிடும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 12 நாட்டு மருத்துவர்களிடம் சில ஈ.சி.ஜி.களைக் கொடுத்து, எது நீண்டது, எது இயல்பானது என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவர்கள் க்யூ.டி. வல்லுநர்களில் 96 சதவீதம். பொதுவான இதய மருத்துவர்களில் கால் பங்குக்கும் குறைவு.

நாடித்துடிப்புக்கு ஏற்பத் திருத்தும் சூத்திரமும் ஒன்றல்ல. 1920இல் பாசெட் என்ற ஆங்கிலேயர் க்யூ.டி.யை இரு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தார். அதே ஆண்டு ஃபிரிடெரிசியா என்ற டென்மார்க்காரர் கனமூலத்தால் வகுத்தார். காய்ச்சலோடு வந்த ஒருவருக்கு நாடி நிமிடத்துக்கு 110, தாளில் அளந்த க்யூ.டி. 340 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசெட் கணக்கில் அது 460. ஃபிரிடெரிசியா கணக்கில் 416. தாளும் ஒன்று, இதயமும் ஒன்று. முதல் எண்ணைப் பார்ப்பவர் மருந்தை நிறுத்தலாமா என்று யோசிப்பார். இரண்டாவது எண்ணைப் பார்ப்பவர் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எச்.ஐ.வி. நோயாளிகள் காய்ச்சலும் படபடப்புமாக வருவது சாதாரணம் என்பதால், நாடி வேகமாக இருக்கும்போது பாசெட் கணக்கு கூட்டிச் சொல்லும் என்பதை, எச்.ஐ.வி. மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் அச்சிட்டுத் தரும் எண் பெரும்பாலும் பாசெட் எண்தான்.

சரி, ஒரு மருந்து இந்த இடைவெளியை எப்படி நீட்டுகிறது? வயலில் தேங்கிய நீர் வடிய மடை திறந்திருக்க வேண்டும். இதயத் தசை உயிரணுவிலும் ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் பொட்டாசியம் மடை வழியாக வெளியேறினால்தான் அந்த உயிரணு ஓய்வுக்குத் திரும்பும். அந்த மடைகளில் முக்கியமான ஒன்றை உருவாக்குவது ஹெர்க் என்ற மரபணு. பிறவியிலேயே க்யூ.டி. நீண்டிருக்கும் குடும்பங்களில் இந்த மரபணு பழுதாகியிருப்பதை 1995இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் கீட்டிங் குழுவினர் காட்டினார்கள். இந்த மடையின் உட்குழி மற்றவற்றைவிட அகலமானது. மருந்து மூலக்கூறுகள் உள்ளே போய் ஒட்டிக்கொள்ள வசதியானது. ஒவ்வாமை மருந்து, வாந்தி மருந்து, மலேரியா மருந்து, மனநோய் மருந்து என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மருந்துகள் எல்லாம் இதயத்தில் ஒரே கோளாறைச் செய்வது இதனால்தான். மடை அடைபட்டால் க்யூ.டி. நீளும். நீண்ட வேளையில் ஒரு முந்திய துடிப்பு வந்து விழுந்தால், அலைகள் கோட்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஓடும் ஒரு கொடிய தாளக்கேடு தொடங்கலாம். 1966இல் ஃபிரான்சுவா தெசர்த்தேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த இதை டோர்சாட் என்கிறோம். சில விநாடிகளில் தானே அடங்கினால் அது மயக்கம். அடங்காவிட்டால் மரணம். மருந்தால் இதற்கு ஆளானவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி வருவது நான் இன்று சொல்ல வந்ததன் மையம். 1990இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் 39 வயதுப் பெண் ஒருவரின் நோய்க்குறிப்பு வெளியானது. அவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தவை டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரையும் ஓர் ஆன்டிபயாட்டிக்கும். எட்டாம் நாள் பூஞ்சைத் தொற்று வந்தது. வீட்டில் இருந்த கீட்டோகோனசோலை யாரையும் கேட்காமல் அவரே விழுங்கத் தொடங்கினார். அடுத்து மயக்கம்; மருத்துவமனையில் டோர்சாட். டெர்ஃபெனடின் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பாதுகாப்பானது என்று நம்பி எடுத்த மருந்து. சாதாரண நிலையில் ஈரல் அதை உடனே உருமாற்றிவிடும். ரத்தத்தில் மூல மருந்து ஏறக்குறைய இராது. அந்த உருமாற்றத்தைச் செய்யும் ஈரல் நொதியைக் கீட்டோகோனசோல் முடக்கியதால் மூல மருந்து அப்படியே இதயம் போய்ச் சேர்ந்தது. 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து டெர்ஃபெனடின் விலகியது. ஈரல் உருமாற்றித் தரும் அதே பொருள்தான் இன்று ஃபெக்ஸோஃபெனடின் என்ற பெயரில் நம் மருந்துக் கடைகளில் விற்கிறது. அது இதயத்தின் மடையைத் தொடுவதில்லை.

அந்தப் பெண்ணின் உடம்பில் இரண்டு மாத்திரைகள் சந்தித்தன. அவர் எதையெல்லாம் எடுக்கிறார் என்பது முழுதாக எந்த ஒரு மருத்துவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மருந்துப் பாதுகாப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது எச்.ஐ.வி.க்கு வருகிறேன். இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு ஏ.ஆர்.டி. மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. கேரளத்தில் அந்த மையங்களுக்கு உஷஸ் என்று பெயர். இந்த மருந்துகள் வந்த பிறகு எத்தனையோ தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் திருமணத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இன்று நான் சொல்லும் எதையும் கேட்டு யாரும் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. சிகிச்சையை இடையிடையே நிறுத்தித் தொடர்ந்தால் பக்கவிளைவு குறையுமா என்று பார்க்க நடந்த ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வு 2006இல் பாதியில் நிறுத்தப்பட்டது. விட்டு விட்டு எடுத்தவர்களிடம் மரணமும் கூடியது. இதய, ஈரல், சிறுநீரக நோய்களும் கூடின. கிருமியைக் கட்டுக்குள் வைப்பதே இதயத்துக்குச் செய்யும் முதல் உதவி.

ஆனாலும் இதயத்துக்கு ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. திடீர் இதய மரணம் எதிர்பார்ப்பதைவிட நாலரை மடங்கு கூடுதலாக இருந்தது. இதற்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. நாட்பட்ட அழற்சி, புகைப்பழக்கம், மாரடைப்பு, இதயத் தசையின் தளர்ச்சி எல்லாம் கலந்தது. மருந்தும் அதில் ஓர் இழை.

புரோட்டீஸ் தடுப்பான்கள் என்ற வகை எச்.ஐ.வி. மருந்துகள் ஹெர்க் மடையை அடைக்கின்றன என்று 2005இல் லான்செட் இதழில் ஆய்வுக்கூடச் சான்றோடு ஒரு கட்டுரை வந்தது. அவற்றுள் சாக்வினாவிர் 1995 இறுதியிலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்ட மருந்து. அது க்யூ.டி.யை நீட்டுகிறது என்ற அதிகாரபூர்வ எச்சரிக்கை 2010இல்தான் வந்தது. 15 ஆண்டுகள்! தொண்ணூறுகளில் நோயாளிகள் மடிந்துகொண்டிருந்தார்கள், அவசரமாக அனுமதித்தார்கள், அது சரியான முடிவுதான் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அனுமதித்த பிறகு தொடர்ந்து அளந்து பார்க்க வேண்டிய கடமைக்கு அந்த அவசரம் இருக்கவில்லை. பிறகு வந்த ரில்பிவிரின் கதை இதற்கு நேர்மாறு. 75 மில்லிகிராமும் 300 மில்லிகிராமும் கொடுத்துப் பார்த்தபோது க்யூ.டி. நீண்டது ஆய்விலேயே தெரிந்தது. 2011இல் அனுமதி பெற்றபோது அளவு 25 மில்லிகிராமாக நின்றது. இப்போது நம் நாட்டில் பெரும்பாலோர் எடுக்கும் டோலுடெக்ராவிரை வழக்கமான அளவைப்போல் ஐந்து மடங்கு கொடுத்துச் சோதித்தும் க்யூ.டி. அசையவில்லை. அளந்து பார்த்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் இது.

முதல் வரிசை மருந்து பலிக்காமல் போனவர்களுக்கு இரண்டாம் வரிசை. அதில் ரிடோனாவிர் என்ற துணை மருந்து இருக்கும். ஈரலின் நொதியை முடக்குவதுதான் அதன் வேலை. கூட வரும் முதன்மை மருந்து சீக்கிரம் கரைந்து போகாமல் ரத்தத்தில் நிற்பதற்காக வேண்டுமென்றே முடக்குகிறோம். டெர்ஃபெனடின் கதையில் கீட்டோகோனசோல் செய்த அதே வேலை!

இப்படி ஒருவரை நினைத்துப் பாருங்கள். குமரி மாவட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. முந்திரி ஆலையில் வேலை. இரண்டாம் வரிசை ஏ.ஆர்.டி. எடுக்கிறார். நாலு நாளாக வயிற்றுப்போக்கு, புளித்த ஏப்பம். ஊர் மருந்துக் கடையில், “அண்ணே, கேஸுக்கு ஒரு குளிகை தாங்க” என்கிறார். கடைக்காரர் அன்போடு எடுத்துக் கொடுப்பது பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த காப்சூல். நம் ஊரில் இதைவிடச் சாதாரணமான மருந்து கிடையாது. டோம்பெரிடோன் ஹெர்க் மடையை அடைக்கக்கூடியது. அதை உடைத்து வெளியேற்றுவது ரிடோனாவிர் முடக்கி வைத்திருக்கும் அதே நொதி. ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் டோம்பெரிடோனை நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்க வேண்டாம், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், இந்த நொதியை முடக்கும் மருந்துகளோடு சேர்க்கவே வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. நம் காப்சூல் ஒன்றிலேயே பெரும்பாலும் அந்த 30 மில்லிகிராமும் இருக்கிறது. வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் ஏற்கெனவே இறங்கிவிட்டது. இருமலுக்கென்று வீட்டில் நாள்தோறும் அதிமதுரம் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்திருந்தால் அதுவும் பொட்டாசியத்தை இறக்கும். இதில் எந்த ஒன்றும் தனியாக அவரைக் கொல்லாது. கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியுமா? அவருக்கு ரிடோனாவிர் பற்றித் தெரியாது. தெரியவைக்க அந்த அம்மா விரும்பவில்லை.

ஏன் விரும்பவில்லை என்று நாம் கேட்க வேண்டாம், நமக்கே தெரியும். பக்கத்துக் கொல்லம் மாவட்டத்தில், எச்.ஐ.வி.யால் பெற்றோரை இழந்து தாங்களும் தொற்றோடு வாழ்ந்த இரண்டு சிறுபிள்ளைகளைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைக்க மறுத்தது 2003இல் நாடெங்கும் செய்தியானது. எழுத்தறிவில் நாட்டுக்கே வழிகாட்டும் மாநிலத்தில் நடந்தது அது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அரிசி டப்பாவுக்குள் மறைத்து வைக்கிறார்கள். பக்கத்தில் மையம் இருந்தும், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வேறு மாவட்டத்துக்கு, வேறு மாநிலத்துக்குப் போய் மருந்து வாங்குகிறார்கள். மையத்தில் மருந்து விவரம் எழுதிக் கொடுக்கும் பச்சைப் புத்தகம் வேறெந்த மருத்துவரின் மேசைக்கும் வருவதில்லை. இதய மருத்துவர், “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா அம்மா?” என்று கேட்கிறார். பின்னால் மருமகள் நிற்கிறாள். “இல்ல டாக்டர்.” அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, உலகின் மிகச் சிறந்த ஈ.சி.ஜி. இயந்திரமும் அரைகுறைத் தகவலைத்தான் தரும்.

இதை வெறும் சமூகப் பிரச்சினை என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. அவமானம் என்பது மருந்தியல் காரணி. பொட்டாசியத்தைப் போல, நொதியைப் போல, ஆபத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அதற்கு வலு உண்டு. ஆகவே எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான மருந்துப் பாதுகாப்பு ஆய்வு எதுவும், இந்த நோயாளி தன் மருந்துகளை யாரிடம் சொல்லியிருக்கிறார், யாரிடம் சொல்லவில்லை என்ற கேள்வியைத் தன் படிவத்தில் சேர்த்தாக வேண்டும். 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் நோயாளியின் அனுமதியில்லாமல் அவரது நிலையை வெளியிடுவதைத் தடை செய்கிறது. அதே சட்டம், சிகிச்சைக்குத் தேவைப்படும்போது அவரைக் கவனிக்கும் ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்குச் சொல்ல வழிவிடுகிறது. முதல் பாதி நம் மருத்துவர்களுக்கு ஓரளவு தெரிகிறது. இரண்டாம் பாதியை இன்னும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மருமகளை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாகக் கேட்பதற்குச் சட்டமே வேண்டாம்.

நோயாளி மறைப்பதைச் சொன்னேன். மருத்துவத் துறையினராகிய நாங்கள் மறைத்ததையும் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் அது நேர்மையாகாது. இந்த நகரத்திலேயே நடந்தது அது.

அமெரிக்கப் பாலைவனங்களில் கிரியோசோட் என்று ஒரு புதர்ச்செடி வளர்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொண்ணூறுகளில் அதன் சாற்றிலிருந்து எச்.ஐ.வி. பெருகுவதைத் தடுக்கும் பொருள்களைத் தேடினார்கள். அந்தத் தேடலில் பிறந்த சேர்மங்களில் ஒன்றுதான் எம்4என். பிறகு அது புற்றுநோய்க்கும் உதவலாம் என்று தோன்றியது. 1999, 2000 ஆண்டுகளில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில், வாய்ப்புற்று நோயாளிகளின் கட்டிகளில் அதை ஊசியாகச் செலுத்தினார்கள். அதே மையத்தின் கதிர்வீச்சு மருத்துவர் வி. என். பட்டதிரி கேள்வி எழுப்பினார். 2001இல் விஷயம் வெளியே வந்தது. தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே தெரியாது என்று நோயாளிகள் சொன்னதாகச் செய்திகள் வந்தன. விசாரித்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், தன் நெறிமுறைக் குழுவின் அனுமதியில்லாமல் இந்தச் சோதனை நடந்தது என்று அந்த ஆண்டு நவம்பரில் அறிவித்தது. மனிதருக்குக் கொடுக்குமுன் செய்ய வேண்டிய பாதுகாப்புச் சோதனைகள் போதவில்லை என்றது. இந்தச் சோதனையில் ஈடுபட்ட தன் பேராசிரியர் இனி மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வுக்குத் தலைமை தாங்கக் கூடாது என்றும் முடிவு செய்தது.

அதே வளாகத்தின் இன்னொரு நிகழ்ச்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்ரீசித்திரை நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் இந்தியாவுக்கென்று ஒரு செயற்கை இதய வால்வு செய்ய முனைந்தார்கள். முதல் மாதிரி சோதனையில் தோற்றது. இரண்டாவதும் மூன்றாவதும் தோற்றன. பல ஆண்டு உழைப்பை மூன்று முறை குப்பையில் போட்டார்கள். நான்காவது மாதிரிதான் 1990 டிசம்பர் 6ஆம் தேதி ஒரு நோயாளியின் நெஞ்சுக்குள் போனது. வால்வைத் திறமையாக வடிவமைத்தார்கள் என்று எல்லோரும் பாராட்டுகிறோம். தோற்ற மூன்றையும் தோற்றவை என்று தாங்களே ஒப்புக்கொண்டு, மனித உடம்பின் பக்கம் கொண்டுபோகாமல் நிறுத்தினார்களே, அதை நான் அதைவிட உயர்வாக மதிக்கிறேன். மருந்துப் பாதுகாப்புக்கு இந்த நகரம் தந்திருக்கும் பாடநூல் அந்த மூன்று தோல்விகள்.

புற்றுநோய் மையத்து நிகழ்ச்சிக்குப் பிறகு நாட்டில் விதிகள் இறுகின. 2009 ஜூன் முதல் ஒவ்வொரு மருந்தாய்வும் முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். 2019இல் புதிய மருந்துகள், மருந்தாய்வுகள் விதிகள் வந்தன. அவற்றில் ஓர் உட்பிரிவு என் மனத்தை மிகவும் தொட்டது. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் புதிய மூலக்கூறு ஒன்றைச் சோதிக்கும்போது, அவர்களுக்கு விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறுவதை ஒளியும் ஒலியுமாகப் பதிவு செய்ய வேண்டும். எச்.ஐ.வி., தொழுநோய் மருந்தாய்வுகளில் மட்டும் ஒலிப்பதிவு போதும். முகம் பதிவாக வேண்டாம். ஆய்வாளர் எதையும் மறைக்கக் கூடாது, நோயாளி தன் முகத்தை மறைத்துக்கொள்ளலாம். சட்டம் எழுதுகிறவர்களிடம் இந்த நுட்பத்தை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

ஆய்வில் இன்னும் ஓர் இடைவெளி உண்டு. க்யூ.டி.க்கென்று நடக்கும் முழுமையான ஆய்வுகளில் பங்கேற்பவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளைஞர்கள். பொட்டாசியம் சரியாக இருக்கும். வேறு மருந்து எடுக்கமாட்டார்கள். நான் சொன்ன முந்திரி ஆலை அம்மாவை அந்த ஆய்வின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருந்தை விழுங்கப்போவது யாரோ அவர் அங்கே இல்லை. எஃபாவிரென்ஸ் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டோலுடெக்ராவிர் வரும் வரை நம் முதல் வரிசையின் தூண் அது. அதை உடைக்கும் நொதியின் மரபணுவில் சிலருக்கு ஒரு மாற்றம் உண்டு; அவர்கள் ரத்தத்தில் மருந்து கூடுதலாகத் தேங்கும். தென்னிந்திய நோயாளிகளிடம் இந்த மாற்றம் எஃபாவிரென்ஸ் அளவை உயர்த்துகிறது என்று சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் 2009இல் காட்டினார்கள். இந்த மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு அதே மருந்து க்யூ.டி.யை நீட்டுகிறது என்று 2016இல் அமெரிக்காவில், ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஆய்வு காட்டியது. சென்னை அளந்தது ரத்தத்தை, அமெரிக்கா அளந்தது இதயத்தை. இரண்டையும் நம் நோயாளியிடமே, ஒரே சமயத்தில் அளக்கும் ஆய்வுகள் நம் கல்லூரிகளிலிருந்து வர வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை இது. ஈ.சி.ஜி. இயந்திரம் தாலுகா மருத்துவமனையிலேயே இருக்கிறது. பொறுமையாக அளக்கக் கற்ற கண்கள்தான் தேவை.

மருந்துகளை எதிர்க்கும் காசநோய் எச்.ஐ.வி.யோடு சேர்ந்து வரும்போது இந்தத் தேவை இன்னும் கூர்மையாகிறது. 2016இல் இந்தியாவில் கட்டுப்பாட்டோடு அறிமுகமான பெடாகுவிலின் க்யூ.டி.யை நீட்டும். 2024இல் அரசு அனுமதித்த நான்கு மருந்து முறையில் அதனோடு மாக்ஸிஃப்ளாக்ஸசினும் வருகிறது. க்யூ.டி. ஆய்வுகளில், கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்க்க அளவுகோலாகக் கொடுப்பதே மாக்ஸிஃப்ளாக்ஸசினைத்தான். அவ்வளவு உறுதியாக அது இடைவெளியை நீட்டும். எஃபாவிரென்ஸ் பெடாகுவிலினின் அளவை இறக்கிவிடும், ரிடோனாவிர் ஏற்றிவிடும். இந்தக் கூட்டத்தில் எந்த மருந்து எதோடு உட்காரலாம் என்று முடிவெடுக்கிற மருத்துவரிடம் பட்டியல் முழுதாக இருந்தாக வேண்டும்.

மாணவர்களே, நடைமுறையில் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ரிடோனாவிரோ பெடாகுவிலினோ தொடங்குமுன் ஓர் ஈ.சி.ஜி. எடுங்கள், பொட்டாசியம் பாருங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டையும் மறுபடி பாருங்கள். தலைசுற்றி விழுந்தேன் என்று யாராவது சொன்னால் பலவீனம் என்று எழுதி அனுப்பாதீர்கள். ஐயம் தோன்றினால் அறிவியுங்கள். 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800 180 3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. மருத்துவர்களுக்கான படிவத்தில், நோயாளி தானாக வாங்கிச் சாப்பிட்டவற்றையும் மூலிகை மருந்துகளையும் சேர்த்து எழுதுவதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. பல படிவங்களில் அந்தக் கட்டம் வெறுமையாகவே போகிறது. நோயாளியே நிரப்பி அனுப்பும் படிவமும் இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கிறது. உஷஸ் மையங்களிலும், நாகர்கோவில் ஏ.ஆர்.டி. மையத்திலும், களியக்காவிளைக்கு இருபுறமும் உள்ள மருந்துக் கடைகளிலும் அந்த இரு மொழிப் படிவங்களையும் கொண்டுபோய் வைக்கும் பொறுப்பை இந்த ஆண்டு மாணவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.